புதுப் பாத்திரத்து ஸ்டிக்கரும் அதன் அடியில் தங்கும் பசையும்

புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, சரசரவென்று இழுத்தால், பெரும்பாலும் மேல்தாள் மட்டும் கையோடு வந்துவிடும். வெள்ளை வெள்ளையாக அடித்தாளும் பசையும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். அந்த எரிச்சலில் பலரும் கம்பி நாரையோ கத்தி முனையையோ கையில் எடுக்கிறார்கள். பசையை நாளைக்குக்கூட எடுத்துக்கொள்ளலாம், கீறல் விழுந்தால் அது பாத்திரம் உள்ளவரை இருக்கும் என்பதால், இந்த வேலையில் பலத்தைக் காட்டுவதை நான் அறவே தவிர்க்கிறேன்.

இந்தப் பசை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை எளிதாகிவிடும். கோந்தைப் போல உலர்ந்து இறுகிப் பிடிப்பதல்ல இது. அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும்படி, எப்போதும் சற்று இளகிய நிலையிலேயே இருக்குமாறு அக்ரிலிக் அல்லது ரப்பர் வகைப் பொருள்களால் தயாரிக்கப்படுவது. இளகிய நிலையில் இருப்பதால், நாள் செல்லச் செல்ல அது உலோகத்தின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் மெல்லப் பரவிப் பிடியை இறுக்கிக்கொள்கிறது. கிடங்கில் நெடுநாள் கிடந்த பாத்திரத்தின் ஸ்டிக்கர் அடம்பிடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். வேகமாக இழுத்தால் இந்தப் பசை கெட்டிப் பொருளைப் போல எதிர்த்து நிற்கும், அதனால் நடுவில் இருக்கும் தாள் கிழியும். மெதுவாக இழுத்தால் நீண்டு, நெகிழ்ந்து, விட்டுக்கொடுக்கும். சூடு பட்டால் இன்னும் இளகும்.

ஆகவே முதல் வேலை சூடுபடுத்துவது. ஸ்டிக்கர் வெளிப்புறத்தில் இருந்தால், பாத்திரத்துக்குள் கொதிநீரை ஊற்றிச் சில நிமிடங்கள் வைத்தாலே போதும். உலோகத்தின் வழியாகச் சூடு பசைக்குப் போய்ச் சேரும். உட்புற அடியில் இருந்தால், ஹேர் டிரையரின் வெப்பக் காற்றை ஓரத்திலிருந்து காட்டலாம். பிறகு மூலையைக் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே பின்பக்கமாக மடித்தபடி நிதானமாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கப் பசை நூல் நூலாக நீள்வது தெரிந்தால் வேகம் சரியாக இருக்கிறது என்று பொருள். சூடுபடுத்த வேண்டுமே என்று வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது மட்டும் கூடாது. நான்ஸ்டிக் பூச்சு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் கெடத் தொடங்கும், வெறும் பாத்திரம் அந்தச் சூட்டைச் சில நிமிடங்களிலேயே எட்டிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கிழிந்துபோனால், எஞ்சியிருப்பவை இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தாளுக்குத் தண்ணீர், பசைக்கு எண்ணெய். வெந்நீரில் ஊறிய தாள் விரலால் தேய்த்தாலே கூழாகி வந்துவிடும். மேலே பிளாஸ்டிக் படலம் இருந்து தண்ணீர் இறங்கவில்லை என்றால், முதலில் அந்தப் படலத்தை மட்டும் உரித்துவிட்டு ஊறவைக்க வேண்டும். பசையோ தண்ணீரையும் சோப்பையும் பொருட்படுத்தாது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்தப் பிசுபிசுப்பு அப்படியே இருந்து, ஸ்க்ரப்பரையும் கெடுத்து, தேய்த்த இடமெல்லாம் பரவுவதுதான் மிச்சம். தாள் முழுவதும் போனபின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஏதேனும் ஒரு சமையல் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, அரை மணி நேரம் அதைத் தொடாமல் விட வேண்டும். எண்ணெய் பசைக்குள் ஊறி அதை உப்பச் செய்து, உலோகத்தோடு உள்ள பிடியைத் தளர்த்தும். அதன்பின் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் பசை சின்னஞ்சிறு உருளைகளாகத் திரண்டு உருண்டு வரும். உருளாமல் வழுக்கினால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம். எல்லாம் வந்தபின் துணியால் துடைத்து, வெந்நீரும் சோப்பும் கொண்டு எண்ணெயைப் போக்கிவிட்டு, பாத்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மிச்சமிருக்கும் பசை மங்கலான திட்டாகத் தெரியும்.

எண்ணெய்க்கும் மசியாத பசை மீது எண்ணெயோடு சமையல் சோடாவைக் குழைத்துத் தடவித் தேய்க்கலாம். கோடு கோடாக மெருகிடப்பட்ட எவர்சில்வராக இருந்தால் அந்தக் கோட்டின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். கண்ணாடி போலப் பளபளக்கும் மெருகென்றால் சோடாவே வேண்டாம். நீலகிரித் தைலமும் ஸ்பிரிட்டும் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் இரண்டும் தீப்பிடிப்பவை என்பதால் அடுப்பருகே வைத்துப் பயன்படுத்தக் கூடாது. நகப்பூச்சை நீக்கும் அசிட்டோன் இன்னும் வேகமானது. பிளாஸ்டிக் கைப்பிடியிலோ வண்ணம் பூசிய வெளிப்புறத்திலோ பட்டால் பசையோடு சேர்த்து அவற்றையும் கரைத்துவிடும். மண்ணெண்ணெயும் பசையைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் சமைக்கும் பாத்திரத்தில் அதை நான் தொடவிட மாட்டேன். கைப்பிடியின் இணைப்புகளிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் அந்த வாடை எளிதில் போகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வார்ப்பிரும்பை ஊறவைத்தால் துருப்பிடிக்கும் என்பதால் நேராக எண்ணெயில் தொடங்க வேண்டும். அலுமினியத்துக்குச் சலவைச் சோடா ஆகாது, கறுத்துப்போகும். சாதாரணக் கண்ணாடி மூடியில் மட்டும், மேற்பரப்பை நனைத்துக்கொண்டு பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடும்.

எளிதாக உரிந்துவரும் பசைகளும் தயாரிக்கப்படுகின்றன; இருந்தும் உணவு படும் உட்புற அடியில் போய் நிரந்தரப் பசையை ஒட்டும் தயாரிப்பாளர்களின் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதில் மோசமான நிலை, அடியில் ஸ்டிக்கர் இருப்பதைப் பார்க்காமலேயே பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிடுவது. பசை கருகிக் கரியாகிவிட்டால் எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. எவர்சில்வராக இருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துக் கறையின் மேல் கனமாகப் பூசி, இரவு முழுவதும் காயாமல் ஈரத்துணியால் மூடிவைத்து, காலையில் நைலான் நாரால் தேய்க்க வேண்டும். கறை ஒரே நாளில் போகாது, சில முறை செய்ய வேண்டியிருக்கும். அதற்குள் பொறுமையிழந்து குளோரின் ப்ளீச்சை ஊற்றினால் எவர்சில்வரில் பொடிப்பொடியாகக் குழி விழுந்துவிடும்.