வலொர்சீன்: பிரான்சில் ஊர், சுவிஸுக்குத் தண்ணீர்

செப்டம்பர் 16, திங்கள்

ஆல்ப்ஸ் மலையிலுள்ள பிரெஞ்சு ஊரான ஷமோனியிலிருந்து குட்டி ரயில். மோன்ரோக் தாண்டியதும் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது, வெளியே வந்தால் வேறு பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் பனிச்சரிவு பயத்தில் மேலே கணவாயை மூடிவிட்டால், கார்களும் இதே ரயில் சுரங்கத்தில் முறைவைத்துப் போகுமாம். அந்தப் பக்கம் பார்த்த கூட்டமும் பனியாறுகளும் இங்கே இல்லை. ஒடுங்கிய பள்ளம், இரண்டு பக்கமும் ஸ்ப்ரூஸ், லார்ச் ஊசியிலை மரங்கள், 1,260 மீட்டரில் ஒரு ஸ்டேஷன், நானூறு பேர் சொச்சம் இருக்கும் ஊர். ஊர்ப்பெயருக்கு ‘கரடிப் பள்ளத்தாக்கு’ என்று பொருள். தங்கிய வீட்டு அம்மாவிடம் கரடி இருக்கிறதா என்று கேட்டேன். பெயரில் மட்டும் இருக்கிறது, கதவைத் திறந்துபோட்டே தூங்கலாம் என்றார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மோன்டே கணவாய்க்கு ஏறினேன், 1,461 மீட்டர். பெரிய உயரம் ஒன்றுமில்லை, சாலையே போகிறது. ஆனால் நான் பார்க்க வந்ததே இந்த மேட்டைத்தான். தெற்கே விழும் மழை ஆர்வ் ஆற்றில் சேர்ந்து ஷமோனி வழியாகப் போகிறது. வடக்கே விழுவது ஓ நுவார், அதாவது ‘கருந்தண்ணீர்’ என்ற ஓடையாகி, வலொர்சீனைக் கடந்து, ஷட்டெலாரில் எல்லை தாண்டி சுவிஸுக்குள் இறங்கி, த்ரியான் ஆற்றோடு ரோன் ஆற்றில் விழுகிறது. வரைபடத்தில் ஊர் பிரான்ஸ், தண்ணீரைக் கேட்டால் சுவிஸ். ஆட்களும் அப்படித்தான், 13ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறியவர்களில் சுவிஸ் பக்கத்திலிருந்து வந்த, ஜெர்மன் பேசிய வால்சர் மலைவாசிகள் இருந்தார்கள்.

கணவாயைச் சுற்றி 1974 முதல் எகுய் ரூஜ் இயற்கைக் காப்பகம். அவுரிநெல்லிச் செடிகள் இலை சிவக்கத் தொடங்கிவிட்டன. பழம் நாலைந்துதான் மிச்சம், தின்றேன், நாக்கு ஊதா.

செப்டம்பர் 18, புதன்

மழை. எங்கும் போகவில்லை. சாக்ஸ் காயவே இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

தேவாலயத்தின் முன்பக்கம் சாதாரணம்தான், பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். மலையைப் பார்த்து, கப்பலின் முன்மூக்கு மாதிரி கூராக ஒரு கனத்த கற்சுவர். சரிந்து வரும் பனியை இரண்டாகப் பிளந்து கட்டடத்தின் இருபுறமும் தள்ளிவிட 1720களில் கட்டியது. கை வைத்துப் பார்த்தேன். காரை பூசி அழகுபடுத்தியது இல்லை, கிடைத்த கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, இடுக்கெல்லாம் பாசி, ஒரு சின்னப் பல்லி கூட. சாமியைக் கும்பிட்டாலும் சுவரையும் கட்டிவைத்திருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம், மோன்ரோக்கில், 1999 பிப்ரவரியில் வந்த பனிச்சரிவில் 12 பேர் செத்தார்கள், ஆகவே இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது.

செப்டம்பர் 20, வெள்ளி

பெரார் அருவிக்குப் போகும் வழியைத் தவறவிட்டேன், மஞ்சள் பலகையைப் பார்க்காமல் பேச்சில் நடந்ததன் பலன் (பேச்சு என் கூடவேதான்). போனது நல்லதாயிற்று. பாதையோரம் ஒரு பாறை, கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பது போல உடம்பெல்லாம் கூழாங்கல். வெள்ளை, சாம்பல், முட்டை அளவு, நெல்லிக்காய் அளவு, எல்லாம் உருண்டை. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஆறு உருட்டிப் போட்டவை.

ஜெனீவாக்காரரான இயற்கை ஆய்வாளர் ஓராஸ் பெனெடிக்ட் தெ சொசூர் 1776இல் இந்தப் பள்ளத்தாக்கில் இதே வகைப் பாறை நெட்டுக்குத்தாக அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்தார். கூழாங்கல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்காதே, கீழேதானே படியும்? அப்படியானால் படுத்திருந்த அடுக்கைப் பின்னால் ஏதோ தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். மலை தோன்றிய விதத்தை யோசிக்க அவருக்குக் கிடைத்த பெரிய பிடி அது. 3,096 மீட்டர் புவே சிகரத்துக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் தாண்டி விறுவிறுவென்று நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 21, சனி

எமோசோன் அணை, எல்லைக்கு அந்தப் பக்கம். 180 மீட்டர் உயரம். அணை முழுக்க சுவிஸ் மண்ணில் இருக்கட்டும் என்று இரண்டு நாடுகளும் நிலத்தை மாற்றிக்கொண்டு எல்லைக்கோட்டையே கொஞ்சம் நகர்த்தினார்கள். அது கூடப் பரவாயில்லை. ஷமோனி பக்கத்து அர்ஜென்தியேர் பனியாற்றின் அடியில் ஓடும் நீரையும் பிடித்து, மலைக்குள் குழாய் வழியே இங்கே கொண்டுவருகிறார்கள். ஆக, செவ்வாயன்று நான் எழுதிய தெற்கு, வடக்குக் கணக்கில் ஓர் ஓட்டை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஊருக்குத் திரும்பும் வழியில் ஜெனீவா. மூன்று மணி நேரம் இருந்தது, நேரே ஜோன்க்‌ஷன் போனேன், ஆர்வும் ரோனும் சேரும் இடம். ஆர்வ், பனியாறு மாவாக அரைத்த பாறைத்தூளைக் கரைத்துக்கொண்டு சிமெண்டுத் தண்ணீர் மாதிரி வருகிறது. ரோன், வழியிலிருக்கும் ஜெனீவா ஏரியில் அழுக்கையெல்லாம் இறக்கிவிட்டு நீலமாக வருகிறது. கணவாயில் பிரிந்த மழை இங்கேதான் மறுபடி சேர்கிறது, ஆனால் சேர்ந்த உடனே கலப்பதில்லை. பாலத்திலிருந்து பார்த்தால் நடுவில் கோடு கிழித்த மாதிரி பாதி சாம்பல், பாதி நீலம். ஒரு மரக்கிளை நீலப் பக்கம் மிதந்து வந்தது, கோட்டுக்கு வந்ததும் இரண்டு சுற்று சுற்றி, சாம்பல் பக்கம் போய்விட்டது.