புது வீஜீஏ காட்: டொலர் விலையும் எங்கட கடை விலையும்

“அடுத்த தலைமுறை வரட்டும், பிறகு வாங்குவம்.” கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கேம் விளையாடுகிற பெடியள், திரையில் படத்தை வரைகிற வீஜீஏ காட்டைப் பற்றி வருசக்கணக்காகச் சொல்லுகிற கதை இது. பொறுத்திருப்பதில் பிழையில்லை. எதற்காகப் பொறுக்கிறோம் என்பதை இப்போதுள்ள தலைமுறையின் கணக்கை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

2025 ஜனவரியில் காட் செய்கிற என்விடியா கம்பனி தன் 50 வரிசையை அறிவித்தபோது, 549 டொலர் 5070 காட் ஆனது முந்தின தலைமுறையின் 1,599 டொலர் 4090இன் வேகத்தைத் தரும் என்று மேடையில் சொன்னார்கள். காட் கைக்கு வந்தபோது அது பழைய 4070 சூப்பரை ஒட்டித்தான் நின்றது. காரணம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது: 4070 சூப்பரில் 7,168 கூடா கோர்கள் (கணக்குப் போடுகிற சிறு அலகுகள்), 5070இல் 6,144. மேடைக் கணக்கை ஊதிக் காட்டியது மல்டி ஃபிரேம் ஜெனரேஷன். காட் உண்மையாக வரைகிற ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வருகிற ஒவ்வொரு படத்துக்கும், இடையில் மூன்று ஃபிரேம்வரை செருகிவிடும் வித்தை அது. திரையின் மூலையில் செக்கனுக்கு 120 ஃபிரேம் என்று ஓடும். ஆனால் வரைவது 30தான் என்றால், மவுஸ் பிடித்திருக்கிற கைக்கு அந்த 30இன் மந்தம் அப்படியே தெரியும். தானாகவே 60ஐத் தாண்டி வரையக்கூடிய காட்டுக்கு அது நல்ல மேலதிகம். இழுத்து இழுத்து ஓடுகிற காட்டுக்கு வெறும் பூச்சு.

5090ஐப் பாருங்கள். 4090இல் 16,384 கோர்கள், இதில் 21,760: மூன்றில் ஒரு பங்கு கூட. 4கேயில் வேகம் ஏறத்தாழ 30 வீதம் கூட. விலை 1,599 டொலரில் இருந்து 1,999. கரண்ட் 450 வாட்ஸில் இருந்து 575. கொடுத்த காசுக்கு அளந்துதான் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு தலைமுறையும் சிப் செய்து கொடுக்கிற டிஎஸ்எம்சி கம்பனியின் ஒரே 4 நானோமீற்றர் வகைச் செய்முறையில் வந்தவை, அதனால்தான். அடுத்தது 3 நானோமீற்றருக்குப் போனால் அதே கரண்டில் கூடுதல் வேலை எடுக்கலாம், ஆனால் அந்தச் சிலிக்கன் விலை கூடியது. ஒரே விலைக்கு 20 முதல் 30 வீதம் கூடுதல் வேகம் கிடைத்தால் அதை நான் நல்ல தலைமுறை என்பேன். இரண்டு மடங்கு என்று யாரும் சொன்னால், அதில் செருகிய ஃபிரேம் எத்தனை என்று கேளுங்கள்.

வேகத்தைவிட மெமரியில்தான் மாற்றத்தை எதிர்பார்க்கலாம். இன்றைய ஜிடிடிஆர்7 மெமரி சிப் பெரும்பாலும் 2 ஜிபி. மெமரிப் பாதை 128 பிட் உள்ள காட்டில் நாலு சிப் இருக்கும், ஆக 8 ஜிபி. 16 வேண்டுமென்றால் போர்டின் மறுபக்கமும் நாலு ஒட்டவேண்டும். 5060 டிஐ இரண்டு அளவில் வந்த கதை அதுதான். 3 ஜிபி சிப் வந்தாயிற்று, லப்டொப் 5090இன் 24 ஜிபி அதில்தான் செய்தது. அது மலிந்தால் கீழ்மட்டக் காட்டும் 12 ஜிபியாகும். ஆனால் 2025 கடைசியில் ஏஐ கம்பனிகள் மெமரியை வாரி எடுக்கத் தொடங்கி ராம் விலையே துள்ளிவிட்டது. சிப் இருக்கும், மலிவாய் இருக்குமோ என்பதுதான் கேள்வி.

இனி எங்கட விலை. அமெரிக்காவில் சொல்லும் டொலர் விலையில் வரி இல்லை. டொலரை 300 ரூபாயாக வையுங்கள். ஏஎம்டி கம்பனியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, வெளியானபோது சொன்ன விலை 349 டொலர்: 1,04,700 ரூபாய். 18 வீத வற் போட்டால் 1,23,546. இதற்கு மேல்தான் கப்பல் கூலி, மற்ற வரிகள், இறக்குமதியாளர் இலாபம், கடைக்காரர் இலாபம் எல்லாம். 549 டொலர் காட் என்றால் வற்றோடேயே 1,94,346. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், கேட்கிற விலை நியாயமோ என்று தெரியும். கணக்கைவிடக் கீழே ஒருவர் தருகிறார் என்றால் 8 ஜிபியை 16 என்று விற்கிறாரோ, பாவித்த காட்டோ என்று பார்க்கவேண்டும். வெளியான முதல் மாதங்களில் வாங்கவேண்டாம். 2025இல் 9070 எக்ஸ்டியும் 5090உம் அமெரிக்காவிலேயே சொன்ன விலைக்கு அகப்படவில்லை.

வன்னியில் பலரிடம் இருப்பது ஒபிஸ்களில் கழித்துவிட்ட, இன்டெல் 4ஆம், 6ஆம் தலைமுறைப் பெட்டிகள். அதற்குள் புதுக் காட் போட்டால் மூன்று இடத்தில் இடிக்கும். பவர் சப்ளை 240, 300 வாட்ஸ்தான், காட்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கிற 8 பின் வயரே இருக்காது. காட்டைச் செருகுகிற ஸ்லொட் தருவது 75 வாட்ஸ் மட்டும். காட்டும் போர்டும் பேசுகிற பாதையான பிசிஐஈ 3.0க்கு மேல் போகாது என்பதால், அந்தப் பாதையில் 8 லேன் மட்டுமே பாவிக்கும் 5060, 5060 டிஐ போன்றவை, அதிலும் 8 ஜிபி நிரம்பியதும், திக்கித் திணறும். 9060 எக்ஸ்டிக்கு 16 லேன் உண்டு, ஆனால் 8 பின் ஒன்று வேண்டும். இன்டெல் பி580, வெளியானபோது 249 டொலருக்கு 12 ஜிபி, நல்ல சாமான். ஆனால் ரிசைசபிள் பார் (காட்டின் மெமரி முழுவதையும் சிபியூ ஒரேயடியாகப் பார்க்கவிடுகிற வசதி) இல்லாத போர்டில் அதைத் தொடவேண்டாம். அப்படியான பெட்டிக்கு 70 வாட்ஸ் 3050 6 ஜிபிதான் சரி. அடுத்த தலைமுறைக்குக் காத்திருப்பவர் அந்தக் காசில் முதலில் போர்டையும் பவர் சப்ளையையும் மாற்றட்டும்.

650 விஏ என்று எழுதிய யூபிஎஸ் தருவது 360, 390 வாட்ஸ்தான். 160 வாட்ஸ் காட், சிபியூ, மொனிட்டர் எல்லாம் சேர்ந்து கேம் ஓடும்போது அதன் விளிம்புக்கு வந்துவிடும். கரண்ட் போன உடனே யூபிஎஸ்ஸும் கத்திக்கொண்டு அணையும். 1,000 விஏ எடுங்கள். சித்திரை, ஐப்பசியில் பின்னேரம் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், எரிந்த காட்டுக்குப் பெரும்பாலான கடைகளில் வொரன்ரி இல்லை. சோளகம் அடிக்கிற மாதங்களில் செம்மண் புழுதி ஹீட் சிங்கை அடைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் புளோவர் பிடியுங்கள், விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு. தகரக் கூரை அறையில் பவர் லிமிட்டை, அதாவது காட் இழுக்கிற கரண்டின் எல்லையை, 80 வீதத்துக்கு இறக்கினால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே குறையும்.

கொழும்பில் பாகங்களைப் பூட்டிச் செய்த மெசினை பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் காட்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் எடுங்கள். ஏ9 வீதி சிக்கல் இல்லை. அதை விட்டு இறங்கி உள்ளே போகிற கிறவல் ரோட்டில்தான் பாரமான காட் ஸ்லொட்டைப் பிளந்துவிடும்.