இரண்டாம் கட்டுச் செய்வினை

பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) சாந்திக் கல்யாணம் வருகிறதென்று காரைக்குடி வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தோம். அந்த வீட்டில் ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது குடும்பத்துக்குப் பங்கு, அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது, இரண்டாம் கட்டு மாடி அறைச் சாவி அந்த இரண்டு பேரில் ஒருவரிடம்.

அந்த மாடிப்படிக்குக் கீழே, ஆத்தங்குடிக் கல்லின் மேல், கட்டைவிரல் கனத்தில் கறுப்பாக ஏழெட்டு உருண்டைகள் கிடந்தன. கூட்ட வந்த அக்கா ஒன்றைக் குச்சியால் கிளறினார். உள்ளே முடி. முடிக்குள் எலும்பு. விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டுப் போனவர் மறுநாளும் வரவில்லை.

செய்வினைதான் என்று முடிவாக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "நான் யாரு பேரையும் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்த அயித்தை, அடுத்த வரியிலேயே சாவிக்காரரின் பேரைச் சொன்னார்.

நான் ஓர் உருண்டையை டிபன் பாக்ஸ் மூடியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, ஹேர்பின்னால் பிரித்தேன் (யார் வீட்டு மூடி என்று இதுவரை சொல்லவில்லை, இனியும் சொல்லப் போவதில்லை). வெளியே வந்தது சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மண்டையோடு, முன்னால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பல். எலிப் பல் அப்படித்தான் இருக்கும். எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்குவது ஆந்தை வகையறாவின் வேலை. இதைச் சொன்னதற்கு, "படிச்ச புள்ளை, செய்வினையை நம்பாது" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி மாடியிலிருந்து 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், அதுவும் விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கி. சரி, நல்ல பாம்பு. சந்தேகமே இல்லை, அதுவும் ஜோடி என்றார் பெரியப்பச்சி. சாவிக்காரருக்குப் போன் போயிற்று, பாம்பு பிடிக்கிறவருக்கும் போயிற்று, பத்து வருஷம் பேசாத இரண்டு பங்காளிகள் ஒரே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள்.

பாம்பு பிடிக்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பர்மா தேக்குப் பீரோவுக்குப் பின்னால் கூகை என்கிற ஆந்தையின் ஐந்து குஞ்சுகள். ஆப்பிளைப் பாதியாக அறுத்து வைத்த மாதிரி வெள்ளை முகம், அதில் மிளகு மாதிரி கண். பெரிசு, அதைவிடச் சிறிசு என்று அடுக்குச் சம்படம் போல நின்றன. முதல் முட்டை இட்ட கையோடு தாய் அடைகாக்க உட்கார்ந்துவிடும், மற்றவை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வரும், அதனால்தான் இந்த வித்தியாசம். புஸ்ஸென்றது பசிக்கும் பயத்துக்கும். பிடித்து வெளியே விடச் சொன்னதற்கு, "1972லேயே வனவிலங்குச் சட்டம் போட்டாச்சு செட்டியாரே, கூட்டைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அப்பத்தாவுக்குத்தான் பயம். அவருக்கு அது சாக்குருவி, விசேஷ வீட்டில் பேரையே சொல்லக் கூடாது. இறக்கை முளைத்துப் பறக்க இரண்டு மாசம் ஆகுமென்று அந்த அறைக்கு மட்டும் வெள்ளையடிக்கவில்லை.

சாந்தியன்று சாயங்காலம், முகப்பில் எல்லாரும் போட்டோவுக்கு நிற்கும்போது, தாய்க் கூகை சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. வீடியோ லைட்டில் வயிறு பளீரென்று வெள்ளை. "கருடன்! கருடன் வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டாரு!" என்று அயித்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருடனுக்குத் தலையும் மார்பும்தான் வெள்ளை, உடம்பு செங்காவி, அதுவும் பகலில்தான் பறக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பத்தா என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் கன்றியிருந்தது.