போஸ்டர் வேறு, அட்டை வேறு: மாணவர் படத்துக்கு ஓர் இதழ் அட்டை

பிரிட்டனில் பள்ளி இறுதி நிலையான ஏ-லெவலில் மீடியா ஸ்டடீஸ் படித்தவர்களுக்கு ஓசிஆர் தேர்வு வாரியத்தின் பழைய ஜி324 என்ற செய்முறை அலகு நினைவிருக்கும். ஒரு புதிய படத்துக்கு டீசர் எடுக்க வேண்டும். கூடவே இணையதள முகப்பு, சினிமா இதழின் முன்னட்டை, போஸ்டர் என்ற மூன்றில் இரண்டைச் செய்ய வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண்ணில் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, டீசருக்கு 40, துணை வேலைகள் இரண்டுக்கும் தலா 10, மதிப்பீட்டு எழுத்துக்கு 20. பாடத்திட்டம் பிறகு மாறிவிட்டது. ஆனாலும் படத்தை விளம்பரப்படுத்த அச்சு வேலை கேட்கும் எந்தப் பாடத்திலும் மாணவர்கள் சறுக்கும் இடம் இன்றும் அதேதான்: போஸ்டரைச் செய்து, தலையில் ஒரு இதழின் பெயரை ஒட்டி, அட்டை என்று கொடுத்துவிடுகிறார்கள்.

போஸ்டர் படத்தை விற்கிறது. அட்டை இதழை விற்கிறது. உங்கள் படம் அந்த மாத இதழின் பெரிய கட்டுரை, அவ்வளவே. இது பிடிபட்டால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது தானே தெளியும். டேக்லைன் (படத்தின் ஒற்றை வரி விளம்பர வாசகம்) வேண்டாம். கீழே நெருக்கி அடுக்கும் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர் வரிசை வேண்டாம். 'விரைவில் திரையில்' வேண்டவே வேண்டாம். 'எக்ஸ்க்ளூசிவ்', 'படப்பிடிப்புத் தளத்திலிருந்து', 'இயக்குநர் பேசுகிறார்' என்று பத்திரிகையின் குரலில் எழுத வேண்டும். படத்தின் பெயரைவிட இதழின் பெயர் பெரிதாக இருக்க வேண்டும். போஸ்டரில் கதாபாத்திரம் எங்கோ பார்க்கலாம். அட்டையில் வாசகரின் கண்ணைப் பார்ப்பதுதான் வழக்கம். கடைத் தட்டில் நாற்பது இதழ்களுக்கு நடுவே கையை நீட்ட வைப்பது அந்தப் பார்வைதான்.

ஆய்வுக்கு இணையத்தில் இருபது அட்டைகளைச் சேமித்து வைப்பதால் பயனில்லை. 1989-இல் தொடங்கிய எம்பயர் போன்ற வெகுஜன இதழ் ஒன்று, பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் சைட் அண்ட் சவுண்ட் போன்ற நிதானமான இதழ் ஒன்று, ஓவிய அட்டைகளுக்குப் பேர்போன லிட்டில் ஒயிட் லைஸ் ஒன்று. இந்த மூன்றையும் மேசையில் வைத்து அளவுகோலால் அளந்து பாருங்கள். மாஸ்ட்ஹெட், அதாவது அட்டையின் தலையில் வரும் இதழின் பெயர், பக்கத்தின் உயரத்தில் எத்தனை பங்கு? உள்ளே இருக்கும் கட்டுரைகளைச் சொல்லும் வரிகளான கவர் லைன்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை சொற்கள்? எத்தனை நிறங்கள்? உங்கள் படம் எந்த இதழில் வரும் வகையானது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். மெதுவாக நகரும் குடும்பக் கதைக்கு, மூலைக்கு மூலை வெடிக்கும் வெகுஜன அட்டை போட்டால் இரண்டுமே பொய்யாகத் தெரியும்.

அடுத்தது புகைப்படம். அட்டையின் தரத்தில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. மாணவர்கள் மிகவும் அலட்சியமாக விடுவதும் இதைத்தான். டீசரிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் எச்டி ஃப்ரேம் 1920 × 1080 பிக்சல். அதை ஏ4 நிற்கும் வடிவத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது சுமார் 764 × 1080. 297 மி.மீ. உயரத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான் வரும். அச்சுக்கு வேண்டியது 300. 4கே ஃப்ரேமும் 185-ஐத் தாண்டாது. போதாக்குறைக்கு, வினாடிக்கு 25 ஃப்ரேம் படப்பிடிப்பில் ஷட்டர் வேகம் பெரும்பாலும் 1/50 வினாடியில் இருக்கும். ஓடும் காட்சியில் கண்ணுக்கு உறுத்தாத அசைவு மங்கல், நிறுத்திப் பார்த்தால் முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். ஆகவே படப்பிடிப்பு நாளிலேயே, உடையும் ஒப்பனையும் கலையும் முன், அரை மணி நேரம் ஒதுக்கித் தனியாக ஸ்டில் எடுங்கள். வேறொரு நாளில் எடுத்தால் முடியின் வகிடு மாறியிருக்கும். துணை வேலைகள் டீசரோடு ஒட்டுகின்றனவா என்று கேட்கும் மதிப்பீட்டுக் கேள்வியில் அது அடி வாங்கும்.

கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து எடுங்கள். சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், சென்சார் பெரிதான ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ. முகத்துக்கு ஏற்றவை. லென்ஸின் திறப்பை (அபர்ச்சர்) f/5.6 அல்லது f/8-இல் வையுங்கள், f/1.8-இல் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் போகும். ஷட்டர் 1/125-க்குக் குறைய வேண்டாம். போன்தான் கையில் இருக்கிறதென்றால் 2எக்ஸ் லென்ஸில் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். வைட் லென்ஸில் நெருங்கி எடுத்தால் மூக்கு மட்டும் முன்னால் வந்து நிற்கும். பக்கவாட்டில் 45 டிகிரியில் ஒரு விளக்கு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் பலகை, இது போதும்.

ஒன்றை மறக்கக் கூடாது: தலைக்கு மேல் இடம். நல்ல புகைப்படம் என்று பழகிய கண், தலையை ஃப்ரேமின் விளிம்புவரை கொண்டுபோய்விடும். அட்டைக்கு மேலே கால் பங்காவது வெறுமையாக இருந்தால்தான் மாஸ்ட்ஹெட் உட்காரும். தோளுக்கு இரு பக்கமும் காலி இடம் இருந்தால்தான் எழுத்து முகத்தில் ஏறாது. பின்னணி ஒரே நிறத்தில் இருக்கட்டும். ஆளை அதிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். கடைசி அட்டையின் பின்னணி கறுப்பு என்றால் கறுப்புத் துணிக்கு முன்னாலேயே எடுப்பது உத்தமம். வெள்ளைச் சுவர் முன் எடுத்துக் கறுப்பில் ஒட்டினால் முடியைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தெரியும். அதைத் துடைக்க ஒரு இரவு போகும்.

கோப்பைத் தொடங்கும்போதே அளவு சரியாக இருக்க வேண்டும். ஏ4 என்றால் 210 × 297 மி.மீ.; வெட்டும்போது கழிந்துபோகும் கூடுதல் ஓரமான ப்ளீட்டை நான்கு பக்கமும் 3 மி.மீ. சேர்த்தால் 216 × 303. 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அது 2551 × 3579 பிக்சல். முக்கியமான எழுத்து எதுவும் வெட்டுக்கோட்டிலிருந்து 8 மி.மீ.க்குள் வர வேண்டாம். சின்ன அளவில் தொடங்கி முடிவில் இழுத்துப் பெரிதாக்கினால் எல்லாமே மங்கும். படத்தை ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ திருத்துங்கள்; எழுத்தை இன்டிசைன், அஃபினிட்டி, இலவசமான ஸ்கிரைபஸ் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வையுங்கள். அப்போதுதான் எழுத்தின் விளிம்பு, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டராக நிற்கும்.

தலை மாஸ்ட்ஹெட்டை மறைக்கும் அந்தப் பழகிய தோற்றத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று லேயர் (அடுக்கு) வேண்டும்: அடியில் புகைப்படம், நடுவில் இதழின் பெயர், மேலே, தலை மட்டும் தெரியும்படி மற்றதை மாஸ்க் செய்து மறைத்த அதே புகைப்படம். அழிப்பானால் வெட்டாதீர்கள், மாஸ்க் என்றால் நாளைக்குத் திருத்தலாம். எவ்வளவு மறைக்கலாம்? பெயர் ஊரறிந்ததென்றால் இரண்டு எழுத்து முழுவதும் மறைந்தாலும் வாசகர் படித்துவிடுவார். நீங்களே கற்பனையில் உருவாக்கிய இதழுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு எழுத்திலும் பாதியாவது தெரிய வேண்டும். இருக்கும் இதழின் பெயரை அப்படியே எடுத்தால் வேலை சுலபம். சொந்தமாக ஒன்றைச் செதுக்கினால்தான் வடிவமைப்பில் உங்கள் கை தெரியும்.

எழுத்துருக் குடும்பம் இரண்டு போதும். மூன்றாவதாக ஒன்று வந்தால் அது டீசரில் வந்த படத்தலைப்பின் எழுத்தாக இருக்கட்டும். போஸ்டர், டீசர், அட்டை மூன்றையும் கட்டும் கயிறு அதுதான். நிறங்களையும் புகைப்படத்திலிருந்தே ஐட்ராப்பரால் (தொட்ட இடத்தின் நிறத்தை எடுக்கும் கருவி) எடுங்கள்: உடையின் சிவப்பு, சுவரின் சாம்பல். பிரதான கவர் லைன் 70 பாயின்ட் சுமாரிலும் துணைக் கவர் லைன்கள் 16 முதல் 20 வரையிலும் இருந்தால் படிநிலை தெரியும். எல்லாம் 30-இல் இருந்தால் எதுவும் தெரியாது. கடைத் தட்டில் இதழ்கள் ஒன்றன் வலப்பக்கத்தை அடுத்தது மறைக்கும்படி அடுக்கப்படுவதால் இடது ஓரமே பெரும்பாலும் கண்ணில் படும். ஆகவே முக்கியமானவற்றை இடப்பக்கம் வையுங்கள். மற்ற படங்களைப் பற்றிய வரிகளுக்கு நிஜப் படத்தின் ஸ்டில்லை ஒட்டாதீர்கள். ஜி324-இல் காப்புரிமையற்ற இசையும் ஒலியும் தவிர எல்லாம் மாணவரே உருவாக்கியதாக இருக்க வேண்டும் என்பது விதி. நண்பர்களை வைத்து இரண்டு சிறிய படங்கள் எடுத்தால் வேலை முடிந்தது.

சின்ன விவரங்கள்தாம் நம்ப வைப்பவை: மாதம், ஆண்டு, விலை, பார்கோடு. இதழ்களின் பார்கோடு 977 என்று தொடங்கும் 13 இலக்க எண். பக்கத்தில் இதழின் வரிசையைச் சொல்லும் சின்ன இணைப்புக் கோடுகள் இருக்கும். முழு அளவு சுமார் 37 × 26 மி.மீ.; 80 சதவீதம்வரை குறைக்கலாம். வெள்ளைப் பெட்டிக்குள் கறுப்புக் கோடு, இரு பக்கமும் வெற்றிடம். தேடி எடுத்த ஜேபெக்கை அகலத்தில் இழுத்து ஒட்டிய பார்கோடு முதல் பார்வையிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

அச்சுக்கு அனுப்புமுன் சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு அச்சு மைகள்) முன்னோட்டத்தைப் போட்டுப் பாருங்கள். திரையில் பளீரென்ற நீலம் காகிதத்தில் ஊதாச் சாயலாகவும், நியான் பச்சை செத்த பச்சையாகவும் இறங்கும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் வையுங்கள். நான்கு மைகளும் கலந்தால் ஒரு நூலளவு விலகினாலும் எழுத்து இரட்டையாகும். பெரிய கறுப்புப் பின்னணிக்கு நேர்மாறு: தனிக் கறுப்பு சாம்பலாகத் தெரியும் என்பதால் அதே மை வரிசையில் 60, 40, 40, 100 சதவீதம் என்ற கலவை நிற்கும். வீட்டு பிரின்டர் பெரும்பாலும் ஓரத்தில் சில மி.மீ. வெள்ளை விட்டுவிடும். ஏ3 தாளில் வெட்டுக்குறியோடு அச்சிட்டு, இரும்பு அளவுகோலும் கட்டரும் வைத்து வெட்டினால் அட்டை விளிம்புவரை நிறத்தோடு வரும்.