சங்கத்து அடுப்படி, 2022

ஏப்ரல் 23, சனி

நேற்று நள்ளிரவிலிருந்து காஸ் சிலிண்டர் 4860 ரூபா. அதற்கு முந்தின விலை 2675. விலையைக் கேட்டு அம்மா எதுவும் சொல்லவில்லை. காலிச் சிலிண்டரைக் குசினியிலிருந்து உருட்டிக்கொண்டு போய் விறாந்தை மூலையில் நிறுத்தினார். அது நின்ற இடத்தில் பின்னேரம் விறகு அடுக்கியாயிற்று.

ஏப்ரல் 26, செவ்வாய்

தம்பியின் போன் ஓஃப்.

ஏப்ரல் 28, வியாழன்

அம்மம்மாவிடம் அடுப்பு மூட்டப் பழகுகிறேன். கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்த காலம் முழுக்க ரைஸ் குக்கரும் காஸும்தான்.

அடியில் சீவின தென்னம்பாளை, அதன்மேல் காய்ந்த பொச்சுமட்டை, பிறகு பிளந்த பூவரசங்கொள்ளி. கொள்ளிகளை நெருக்கி வைக்கக் கூடாது, நடுவில் காற்றுப் போக வழி வேண்டும். கொதி வந்த உடனே பாதி விறகை வெளியே இழுத்துவிட வேண்டும். மிச்சத்தைத் தணல் பார்த்துக்கொள்ளும். இழுத்த கொள்ளியை மண்ணில் புரட்டி அணைத்தால் இரவுக்கு ஆகும். தண்ணீர் தெளித்தால் அடுத்த முறை புகைதான்.

இதெல்லாம் அவருக்குத் தொண்ணூறுகளில் கைக்கு வந்தது. போர் நடந்து, வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, சவர்க்காரத்துக்குக்கூடத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுச் சிக்கன விளக்கு எரித்த கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பாடம். விறகை இழுக்கிற கதையை யாரும் சொன்னதில்லை. சமையல் என்பதால் அதைக் கதையாகவே எடுக்கவில்லைப் போலிருக்கிறது.

"எங்களுக்கு இது பழகினதுதானே" என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. பழகினபடியால் பசி குறையுமா?

மே 4, புதன்

முன்பள்ளி ரீச்சர் வந்து அம்மாவோடு படலையடியில் கனநேரம் கதைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் காலையில் வெறும் தேத்தண்ணியோடு வருகிறார்களாம். 400 கிராம் பால்மா மார்ச்சிலேயே 790 ரூபாவுக்குப் போய்விட்டது. அந்த விலைக்கும் கடைகளில் கிடைப்பதில்லை. பத்து மணிக்கு முன்னமே சில பிள்ளைகள் மேசையில் தலையைப் போட்டுத் தூங்கிவிடுகிறார்கள் என்றார். சொல்லும்போது அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்தார்.

மாதர் சங்கக் கட்டடத்தில் பெரிய கிடாரம் ஒன்று இருக்கிறது. கலியாண வீடுகளுக்கு வாடகைக்குப் போய்வந்தது. கொரோனாவுக்குப் பிறகு சும்மா கிடக்கிறது.

நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 8, ஞாயிறு

கஞ்சிக் கணக்கு. ஐந்து கிலோ சிவப்புப் பச்சை அரிசிக்கு ஐம்பது லீற்றர் தண்ணீர். பிள்ளைகளும் பெரியவர்களுமாக நூறு பேருக்குக் குறையாமல் காணும். அரிசியை முழுதாகப் போட்டால் விறகு கூடப் போகும். உரலில் இரண்டு குத்துக் குத்தி நொய்யாக்கினால் பாதி நேரத்தில் கரையும். பயறு வறுத்துத் தோல் நீக்கிச் சேர்த்தால் பிள்ளைகளுக்குத் தெம்பு.

இலைதான் பெரிய விஷயம். முசுட்டை, முடக்கொத்தான், முல்லை, வல்லாரை. வேலியெல்லாம் இருக்கிறது, யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அம்மம்மாவைக் கைபிடித்து ஒழுங்கை முழுக்க நடத்திக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு வேலியிலும் நின்றார். முசுட்டை இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, கசக்கி மணந்து பார் என்றார். கண்ணால் படித்தால் மறந்துபோகுமாம்.

தேங்காயின் முதற்பாலைக் கடைசியில், அடுப்பால் இறக்கின பிறகுதான் விட வேண்டும். கொதிக்கிற கஞ்சியில் விட்டால் திரண்டுவிடும். தேசிக்காய்ப் புளி அதற்கும் பிறகு.

மே 9, திங்கள்

கொழும்பில் அடிபாடு. நாடு முழுக்க ஊரடங்கு. நாளைக்குக் கஞ்சி இல்லை.

மே 17, செவ்வாய்

இன்றைக்குக் கொடுத்தோம்!

விடிய நாலு மணிக்கே போய்விட்டோம். நெருப்பு என் பொறுப்பு. கிடாரம் பெரிதென்பதால் கல்லும் பெரிது, வாயும் மூன்று பக்கம். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் சும்மா கிடந்தால் அடிப்பிடிக்கும், ஆகவே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருக்க வேண்டும். துலாவுகிற அகப்பை என் உயரத்தில் முக்கால்வாசி. கஞ்சி கரைந்து வரும்போது கொதிக்கிற சத்தம் மாறுகிறது, சளசளப்புப் போய் மெதுவாக 'பொளக்' என்கிறது. அந்த நேரம் கொள்ளியை இழுத்தேன்.

பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு கோப்பை கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி மூன்று முறை வந்தாள். மூன்றாவது முறை கோப்பையை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ரீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். யாரும் கேட்கவில்லை.

மே 18, புதன்

இன்று இலை போடவில்லை, பயறு போடவில்லை, பால் விடவில்லை. அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் முள்ளிவாய்க்காலில் அவ்வளவுதான் இருந்தது. அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதே ஷெல் விழுந்து செத்தவர்கள் எத்தனை பேர்.

சிரட்டையில் வாங்கிக் குடித்தோம். சங்கத்தில் ஒரு அக்கா அங்கே இருந்தவர். அவர் கிடாரத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. விறகு மட்டும் பிளந்து பிளந்து போட்டுக்கொண்டிருந்தார், தேவைக்கு மேலேயே. நான் தடுக்கவில்லை.

நேற்றுக் கோப்பையை மூடிக்கொண்டு ஓடின பிள்ளை இன்றும் வந்தாள். ருசி இல்லை என்று அவள் சொல்லவில்லை. அது என்னை என்னவோ செய்கிறது.

மே 24, செவ்வாய்

பெற்றோல் 420. தமிழ்நாட்டிலிருந்து கப்பல் ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு வந்துவிட்டது. 9000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, மருந்துகள். எங்கள் பக்கம் எப்போது வருமென்று கிராம சேவகருக்கும் தெரியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ எங்களை நினைத்து அரிசி அள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்பதே இன்றைக்குப் போதும்.

கடற்படை ஒரு வள்ளத்தைப் பிடித்ததாகச் செய்தி. பெயர்கள் போடவில்லை. வயதும் போடவில்லை.

மே 25, புதன்

அம்மா செய்தியைக் கேட்டுவிட்டார். எதுவும் கேட்கவில்லை. வெங்காயம் உரித்தார்.

ஜூன் 4, சனி

சனசமூக நிலையத்து அலுமாரியைத் துடைத்தபோது பழைய மலர் ஒன்றில் மேரி ரட்ணம் பற்றிய கட்டுரை. கனடாவிலிருந்து வந்த டாக்டர், தமிழர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கேயே இருந்துவிட்டவர். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் கூடிச் சமையல், தையல், வீட்டுத்தோட்டம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் படிப்பது, படித்ததை ஊருக்குச் செய்வது. 1958இல் மக்சேசே விருதும் கிடைத்திருக்கிறது.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் எடுத்தவர்களைக் 'கணக்கு வராததுகள்' என்பார்கள். அந்தப் பேச்சு எவ்வளவு அநியாயம் என்று இப்போது விளங்குகிறது. நூறு பேருக்கு உப்பு அளப்பது கணக்கு. எந்த இலை சூடு, எந்த இலை குளிர்ச்சி, எந்தக் கிழவருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று தலையில் வைத்திருப்பது படிப்பு. அம்மம்மாவிடம் இருப்பதை எழுதிவைக்கிற கொப்பி ஒன்றைத் தொடங்கிவிட்டேன். அளவெல்லாம் அவருக்குச் 'சுண்டு', 'கொத்து'. இரண்டையும் நிறுத்துப் பார்த்துக் கிராமில் எழுதுகிறேன்.

ஜூன் 10, வெள்ளி

ஒழுங்கைக் கடைசி வீட்டு மாஸ்ரர். மனைவி போன பிறகு தனியாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்வார்கள், காசு வருகிறதா என்று யாருக்குத் தெரியும். ஓய்வூதியம் இருக்கிறது, ஆனால் அரிசி விற்கிற விலையில் அது எந்த மூலைக்கு? இந்தக் கிழமை அவர் வீட்டுக் கூரையால் ஒருநாளும் புகை போகவில்லை. எனக்கு இப்போது எல்லா வீட்டுக் கூரையும் கண்ணில் படுகிறது.

நேற்றுத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோனேன். "நான் சாப்பிட்டிட்டன் பிள்ளை. இல்லாத ஆக்களுக்குக் குடுங்கோ" என்றார். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார், தண்ணீர் கொண்டுவந்து தந்தார். விருந்தாளியை நடத்துகிற மாதிரி நடத்தி அனுப்பிவிட்டார். சட்டியோடு திரும்பி வந்தேன்.

அம்மா சொன்னார், வாசலுக்குக் கொண்டுபோனால் அது தானம், அவர் எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்து அறிவித்தவர், எப்படி வாங்குவார். சரி, அப்படியென்றால் என்ன செய்வது? பட்டினி கிடக்க விடுவதா? சங்கத்தில் கேட்டால் ஒருவர் உலர் உணவுப் பொதி கட்டி இரவில் படியில் வைத்துவிடலாம் என்கிறார். அது இன்னும் மோசம். விடிய எழுந்து கதவைத் திறந்து அதைக் காண்கிற மனிதருக்கு எப்படி இருக்கும்?

படுத்தும் நித்திரை வரவில்லை. தம்பியும் அவரிடம்தான் படித்தான். தம்பிக்கு யார் என்ன கொடுக்கிறார்கள், எங்கே வைத்துக் கொடுக்கிறார்கள், வாங்கிச் சாப்பிடுகிறானா. அவனும் வாங்க மாட்டான். அந்தப் பிடிவாதம் அவனுக்கும் உண்டு.

ஜூன் 13, திங்கள்

மாஸ்ரரிடம் போய், விறகு முடிகிறது, உங்கள் காணிக்குள் பனங்கொட்டை ஊமல் குவிந்து கிடக்கிறதே, சங்கத்துக்குத் தருவீர்களா என்று கேட்டேன். உண்மையாகவே தேவைதான். ஊமல் நின்று எரியும், தணலும் கனநேரம் இருக்கும். மாஸ்ரர் எழும்பிச் சாக்குத் தேடினார்.

ஜூன் 14, செவ்வாய்

இரண்டு சாக்கு. சைக்கிளில் தானே கட்டிக்கொண்டு வந்தார்! அடுப்படியில் நின்று நெருப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார். கஞ்சி வெந்ததும் எல்லாரும் இருந்து குடித்தோம், அவரும் எங்களோடு இருந்தார். யாரும் அவருக்கென்று தனியாக எடுத்துக் கொடுக்கவில்லை. கோப்பைகள் கைமாறிப் போயின, அவ்வளவுதான்.

ஜூன் 15, புதன்

இனி வெள்ளிக்கிழமைகளில் அரச ஊழியர்களுக்கு விடுமுறை, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி. போன வருடம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து வயலைப் படுக்கவைத்தார்கள், இப்போது கந்தோரில் இருப்பவர்களை மண்வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள். கோபம் வருகிறது. ஆனாலும் சங்கத்துக்குப் பின்வளவில் கீரை போட்டாயிற்று. மரவள்ளித் தடி நட்டோம். பயிற்றை விதை மாஸ்ரர் தந்தது.

ஜூன் 28, செவ்வாய்

ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். ரோட்டு முழுக்கச் சைக்கிள். நெல்லியடிச் சந்தையிலிருந்து தேங்காயைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு வந்தேன். வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் இல்லை, பருத்தித்துறைப் பக்கம் மீனும் இல்லை.

ஜூன் 29

வாட்ஸ்அப்பில் இன்னும் ஒற்றைச் சரி. இரண்டாவது விழவே இல்லை.

ஜூலை 2, சனி

அரிசி குறைகிறது. அம்மம்மா பரணிலிருந்து ஒடியல் மூட்டையை இறக்கச் சொன்னார். தை மாதம் பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தது. இடித்து, அரித்து, மாவைத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, மேல் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் தண்ணீர். கசப்புப் போகும்வரை அதே வேலை. அவசரப்பட்டால் வாயில் வைக்க முடியாது.

நண்டும் இறாலும் இல்லாத கூழ். பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி, முருங்கை இலை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. கடலுக்குப் போகாத மீனவக் குடும்பங்களுக்கு மீன் போடாத கூழை ஊற்றிக் கொடுப்பது கஷ்டமாக இருந்தது. ஒரு அண்ணை கோப்பையை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "புளி திறம்" என்றார். நாள் முழுக்க அந்தச் சொல் காதில் நின்றது.

ஜூலை 9, சனி

ஜனாதிபதி மாளிகைக்குள் சனம். நீச்சல் தடாகத்தில் குளிக்கிறார்கள். எல்லாரும் போனைச் சுற்றி நிற்கிறார்கள். அம்மா மட்டும் தன்னுடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி இருந்தார்.

ஜூலை 12, செவ்வாய்

ஒன்றும் எழுத மனமில்லை. கஞ்சி கொடுத்தோம்.

ஜூலை 14, வியாழன்

ஜனாதிபதி சிங்கப்பூரிலிருந்து இராஜினாமா அனுப்பிவிட்டாராம். வெடி கொளுத்துகிறார்கள். வெளிநாட்டுக்கு ஒருவர் எவ்வளவு சுகமாகப் போய்ச் சேர்கிறார். என் தம்பி போக

இல்லை, இதை இங்கே எழுத மாட்டேன்.

ஜூலை 16, சனி

நாளைக்கு ஆடிப்பிறப்பு. இந்த வருடம் வேண்டாம் என்று சங்கத்தில் பாதிப் பேர். மற்றப் பாதி, கூழில்லாமல் ஆடி பிறக்கவே கூடாது என்று. நான் இரண்டாவது பாதி. பசிக்குக் கொடுப்பதை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு இந்த நாட்களில் நினைத்துப் பார்க்க என்ன இருக்கும்? இனிப்பாக ஒரு கோப்பை வேண்டும்.

பச்சை அரிசி மா மூன்று கொத்து வறுத்தாயிற்று. பயறு ஊறவில்லை, வறுத்துக் குத்தியது போதும் என்கிறார் அம்மம்மா. தேங்காய்ச் சொட்டு வெட்டுவது பெரியம்மா. பனங்கட்டிதான் பிரச்சினை, விலையைக் கேட்டால் திரும்பி வந்துவிடலாம் போலிருக்கிறது. மாஸ்ரர் கரவெட்டியில் சீவல் தொழில் செய்கிற பழைய மாணவர் ஒருவரிடம் கேட்கப் போயிருக்கிறார், சைக்கிளில். இன்னும் வரவில்லை. வராவிட்டால் சீனிதான், அதுவும் வீட்டுக்கு வீடு கைப்பிடி சேர்த்தால்தான்.

கொழுக்கட்டைக்கு மா தனியே எடுத்துவைக்க வேண்டும். கிடாரத்தை இன்றிரவே சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும், போன முறை கூழின் புளி இன்னும் அடியில் மணக்கிறது. ரீச்சர் படலையடியில் கூப்பிடுகிறார், பிறகு எழுதுகிறேன்.