குணகங்களின் மட்டுகளைக் கூட்டினால் ஒருங்குமா?

கணிதச் சிறப்புக் கற்கைநெறியில் மூன்றாம் வருடம். ஒரு மிட் பேப்பரில், "சார்பு தொடர்ச்சியானது, ஆகவே அதன் ஃபூரியர் தொடர் தனி ஒருங்கலுடையது" என்று எழுதிவிட்டு வந்தேன். ஃபூரியர் தொடர் என்றால் ஆவர்த்தனச் சார்பொன்றைச் சைன், கோசைன் உறுப்புகளின் கூட்டலாக எழுதுவது; அந்த உறுப்புகளின் குணகங்களுடைய மட்டுகளைக் (குறி நீக்கிய பருமன்களை) கூட்டினாலும் ஒருங்குவதே தனி ஒருங்கல். அந்தப் பகுதிக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை.

அன்றிரவு கொழும்பு வெள்ளவத்தை அறையில் உட்கார்ந்து, அந்த வசனத்தை உடைக்கும் சார்பு ஒன்றைத் தேடினேன். நீங்களும் இதை மனதில் வைத்திருங்கள்: 2 இலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சைன் உறுப்பையும் அதன் எண்ணாலும் அந்த எண்ணின் மடக்கையாலும் வகுத்துக் கூட்டுங்கள். தொடர் சீராக ஒருங்கும், ஆகவே கிடைப்பது தொடர்ச்சியான சார்பு. குணகங்களின் மட்டுகளைக் கூட்டினாலோ விரிந்துவிடும்.

சரி, தொடர்ச்சி போதாது என்றால் எவ்வளவு வேண்டும்? 1914 இல் கணிதவியலாளர் பேர்ன்ஸ்டைன் சொன்ன பதில்: ஹோல்டர் அடுக்கு 1/2 ஐ விடப் பெரிதாக இருந்தால் போதும். இரு புள்ளிகளில் சார்பின் வித்தியாசம், அவற்றுக்கிடையிலான தூரத்தின் எந்த அடுக்கின் மாறிலி மடங்குக்குள் அடங்குகிறதோ, அதுதான் ஹோல்டர் அடுக்கு. பேப்பரில் அடிக்கடி கேட்கக்கூடியது இதன் நிறுவல்தான். நான் பாடமாக்கிப் பார்த்து இரண்டு தடவை மறந்தேன். அந்த 1/2 எங்கிருந்து வருகிறது என்று புரிந்த பிறகு மறக்கவே இல்லை.

குணகங்களை 2, 4, 8, 16 என்று எல்லை இரட்டிக்கும் கட்டுகளாகப் பிரியுங்கள். சார்பை இருபக்கமும் சிறிது நகர்த்தி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, பார்சேவல் சமன்பாட்டை (குணக வர்க்கங்களின் கூட்டுத்தொகையைச் சார்பின் வர்க்கத்தின் தொகையீட்டோடு இணைப்பது) போடுங்கள். நகர்த்தும் தூரத்தைக் கட்டுக்கு ஏற்றபடி எடுத்தால், அந்தக் கட்டின் குணக வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு ஓர் எல்லை கிடைக்கும். வர்க்கங்களிலிருந்து மட்டுகளுக்கு வர கோஷி–சுவார்ட்ஸ் சமனிலி வேண்டும். அங்கேதான் கட்டிலுள்ள உறுப்புகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் வந்து பெருக்கப்படுகிறது. வர்க்கமூலம் என்றால் அடுக்கு 1/2. ஹோல்டர் அடுக்கு அதை வென்றால் கட்டுகளின் கூட்டல் பெருக்குத் தொடர்போல் ஒருங்கும். காலி வீதி நெரிசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் கொப்பி இல்லாமல் இதைச் சொல்லிப் பார்ப்பேன்.

அடுக்கு சரியாக 1/2 என்றால் தேற்றம் பொய்த்துவிடும். ஹார்டியும் லிட்டில்வுட்டும் தந்த தொடர் அதற்குச் சாட்சி. சார்பு வரம்புள்ள மாறலும் (மொத்த ஏற்ற இறக்கம் முடிவுள்ளது) உடையதென்றால் எந்த நேர் அடுக்கும் போதும் என்பது சிக்மண்டின் முடிவு. இதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

அப்புறம் வீனர். ஃபூரியர் தொடர் தனி ஒருங்கலுடைய சார்பு எங்கும் பூச்சியமாகாவிட்டால் அதன் தலைகீழும் (1 ஐ அதால் வகுத்தது) அப்படியே என்பது அவருடைய 1932 முடிவு. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்தது இதுதான். பானாக் இயற்கணிதம் (உறுப்புகளைப் பெருக்கவும் பருமன் அளக்கவும் கூடிய முழுமையான வெளி) படித்திருந்தால் கெல்பாண்டின் நிறுவல் சில வரிகளில் முடியும். படிக்காதவர்கள் நியூமன் 1975 இல் தந்த எளிய நிறுவலை எடுங்கள். ஆனால் பேப்பருக்கு முதல் நாள் தொடங்க வேண்டாம், ஒரு கிழமையாவது வேண்டும்.