எந்த மீன் எங்கே தூங்குகிறது: கடல்நீர்த் தொட்டி நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

காலையில் தீனி போட்டபோது நீல டாம்சல் வரவில்லை. சாப்பாட்டுக்கு முதலில் பாய்ந்து வருவது அதுதான். போன மாதக் கடைசியில் ஃபயர் கோபியும் இப்படித்தான் சுவடில்லாமல் போனது. ஒன்று போனால் தற்செயல் என்று விடலாம். இரண்டாவதும் போய்விட்டதால் எழுதி வைக்கத் தொடங்குகிறேன்.

தொட்டி நாலடி நீளம். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) உள்ளதையும் சேர்த்தால் ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீர். ஊர் மாறிப் போன ஒருவரிடமிருந்து மீன், மணல், பாறை, நத்தை என்று இருந்தது இருந்தபடி வாங்கியது. உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி (சென்னை ஜூனில் இது முழுக்கத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் உபயம்). செத்த மீன் அழுகினால் ஏறும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம்.

அம்மோனியா பூஜ்யம் என்பதால் மீன் சாகவில்லை என்று ஆகிவிடாது. இரண்டு அங்குல மீன் செத்தால் முட்புழுவும் நத்தையும் ஹெர்மிட் நண்டும் சேர்ந்து ஒரே ராத்திரியில் தீர்த்துவிடும். இவ்வளவு தண்ணீரில் அந்தக் கழிவு சோதனைக் குழாயின் நிறத்தை மாற்றாமலே போகலாம். ஆனால் டாம்சல் நேற்று மாலை வரை நன்றாகத் தின்றது. மூச்சு வாங்கவில்லை, உடம்பில் புள்ளியும் இல்லை. வெல்வெட் மாதிரி வேகமாகக் கொல்லும் நோய் என்றால் ஒரு மீனோடு நிற்காது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று தொட்டிக்கு வெளியே தேடினேன். ஃபயர் கோபி, ராஸ் வகைகள், பிளென்னி எல்லாம் பயந்தால் எகிறிக் குதிக்கும் சாதி. மேலே வலை மூடி இருக்கிறது, இருந்தாலும் ஸ்டாண்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவாடும் இல்லை, எறும்புச் சாரியும் இல்லை. தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியைக் கழற்றினேன். சின்ன மீன் சீப்புப் பல் இடுக்கில் நழுவி, குழாய் வழியாக சம்ப்புக்குப் போய், மாதக்கணக்கில் அங்கேயே உயிரோடு இருப்பதும் உண்டு. ஃபில்டர் சாக்ஸை உதறியும் ஒன்றும் விழவில்லை.

"பூனை ஏதாவது தூக்கிட்டுப் போயிருக்குமோ?" என்றார் அம்மா. மூன்றாவது மாடிக்குப் பூனை வந்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் பாப்பா அலறிக்கொண்டு வந்தாள்: "அப்பா, பச்சை மீனையும் காணோம்!" மெலனூரஸ் ராஸ். அதைப் பற்றிக் கவலையில்லை. அந்த இனம் பொழுது சாயும்போதே மணலுக்குள் புதைந்து தூங்கிவிடும், புதிதாக வாங்கிவிட்டால் பல நாள் வெளியே வராமலும் இருக்கும். மறுநாள் விளக்கு எரிந்தபின் எண்ணச் சொன்னேன். காணவில்லை என்று சொல்லும் முன் அந்த மீன் எப்போது விழிக்கும், எங்கே படுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

ராஸ் நலம். ஆனால் வைர கோபி போய்விட்டது. மணலை வாயால் அள்ளி செவுள் வழியே சலித்துக்கொண்டே இருக்கும் அந்த அழகான மீன். மனசு ஆறவில்லை.

யாரிடம் சொன்னாலும் "பாபிட் புழு" என்கிறார்கள், ஒளிந்திருந்து மீனைப் பிடிக்கும் நீளமான கடல் புழு. அந்தப் பயம் ஆதாரமில்லாதது இல்லை. 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ நகர மீன் காட்சியகத்தில் பவளமும் மீனும் காயப்பட்டுக்கொண்டே இருக்க, அமைப்பையே பிரித்துப் போட்டுத் தேடியபோது நாலடி நீளப் புழு ஒன்று அகப்பட்டது. ஆனால் அது பெரும்பாலும் கடலிலிருந்து எடுத்த பாறையின் துளைக்குள் ஒளிந்து வீட்டுக்கு வருவது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதனால் இங்கே அந்த மாதிரிப் பாறையை வைக்க முடியாது. என் தொட்டியில் உள்ளது சிமென்ட்டில் வார்த்தது. பாறைத் துளையில் ஒளிந்து இரையை அடித்துக் கொல்லும் மேன்டிஸ் இறாலையும் இதே காரணத்தால் பின்னுக்குத் தள்ளினேன். அது இருந்தால் ராத்திரியில் டக் டக் என்று கேட்கும், இங்கே பம்பு சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

இருந்தாலும் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டு மணலில் படுக்க வைத்திருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பாட்டிலில் முட்புழுக்கள் மட்டுமே. இடுக்கியால் எடுத்துத் தொட்டியிலேயே விட்டேன். கையால் தொட்டால் முள் ஏறும். மீன் காணாமல் போனால் முதல் பழி இவற்றுக்குத்தான். செத்த மீனை மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கொன்றதும் இவைதான் என்று சொல்லிவிடுகிறார்கள். தொட்டியின் துப்புரவுப் பணியாளர்கள் இவர்கள்.

மத்தியானம் வேறொரு கணக்குப் போட்டேன். தப்பித்தவை எவை? க்ளவுன் மீன் ஜோடி மேல் மூலையில், பம்பின் ஓரம் தூங்கும். மெலனூரஸ் மணலுக்குள். சிக்ஸ்லைன் ராஸ் விரல் நுழையாத பொந்துக்குள், தன்னைச் சுற்றி ஒரு சளிக்கூடு கட்டிக்கொண்டு படுக்கும். மிச்சமிருக்கும் ஒரு டாம்சல் வலதுபக்கப் பாறையில். போன டாம்சலும் கோபியும் ராத்திரி ஒதுங்கியது இடதுபக்கப் பாறை வளைவின் அடியில். அப்படியானால் பார்க்க வேண்டியது அந்த ஓர் இடம்தான்.

ஜூன் 16, திங்கள்

டார்ச்சில் சிவப்பு செலோஃபேன் சுற்றி, விளக்கு அணைந்தபின் உட்கார்ந்தேன். ராத்திரிப் பிராணிகள் பலவும் சிவப்பு வெளிச்சத்தைப் பொருட்படுத்துவதில்லை. இடது வளைவுக்குள்ளிருந்து பச்சை பிரிட்டில் ஸ்டார் (நட்சத்திர மீனின் உறவு, கைகள் மெலிந்து நீண்டிருக்கும்) வந்தது. தொட்டியோடு கூடவே வந்தது, பகலில் ஒரு கை நுனிதான் தெரியும். ஐந்து கைகளையும் ஊன்றி, நடு உடம்பை மேலே தூக்கி, நாலு பக்கமும் திறந்த மண்டபம் மாதிரி நின்றது. அசையவே இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் வளைவின் வாசலில் ஒரு சிறு உருண்டை. டியூபால் உறிஞ்சி வெள்ளைத் தட்டில் பிரித்தேன். முள்ளெலும்பும் செதிலும்! பிரிட்டில் ஸ்டாருக்கு ஆசனவாய் கிடையாது, செரிக்காததை வாய் வழியாகவே வெளியே தள்ளும். செத்த மீனைத் தின்றாலும் இதுதான் வரும் என்பதால் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை.

ஜூன் 18, புதன்

கண்ணால் பார்த்துவிட்டேன்.

விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி அந்த நிலை. சிக்ஸ்லைன் துரத்தியதில் டாம்சல் இந்தப் பக்கம் வந்தது. ஒதுங்க இடம் தேடித் தானாகவே அந்தக் கைகளுக்கு நடுவே போய் நின்றது. துரத்தல் இல்லை, பாய்ச்சல் இல்லை. உடம்பு கீழே இறங்க, ஐந்து கைகளும் ஒரே திசையில் சுருள ஆரம்பித்தன. பி.வி.சி. குழாயால் இடித்தேன். டாம்சல் பிய்த்துக்கொண்டு ஓடியது, வால் துடுப்பின் ஓரம் கிழிந்திருக்கிறது.

இந்த ஸ்டாரின் அறிவியல் பெயர் ஒபியராக்னா இன்க்ரசாட்டா. கையோடு கை சேர்த்து அரை மீட்டர் வரை விரியும் இனம். இருட்டில் ஒதுங்கிடம் தேடும் மீனுக்குத் தன் உடம்பையே ஒதுங்கிடமாகக் காட்டி வேட்டையாடும். எத்தனையோ கடைகளில் இதைத் 'தொட்டி சுத்தம் செய்யும்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். செத்ததைத் தின்பதும் உண்மைதான், ஆனால் சின்ன மீன் வைத்திருப்பவர்களிடம் மீதியையும் சொல்லியே ஆக வேண்டும்.

ஜூன் 21, சனி

கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கையையே கழற்றிவிட்டுப் போய்விடும். மறுபடி வளரும், ஆனாலும் வதைதான். ஒரு பக்கம் அடைத்த அகலமான குழாயின் கோடியில் இறாலை வைத்து வளைவின் வாசலில் போட்டேன். மணம் பட்டதும் விறுவிறுவென்று நுழைந்தது. குழாயோடு தூக்கி சம்ப்பில் விட்டேன். அங்கே மீன் கிடையாது. பிறவிக் குணத்துக்காக அதைத் தண்டிக்க எனக்கு மனசில்லை.

ஜூன் 25, புதன்

இன்வெர்ட்டருக்கு பேட்டரி மாற்ற வந்தவர் பெட்டியை நகர்த்தினார். அடியில், தொட்டியிலிருந்து மூன்றடி தள்ளி, எறும்பு அரித்து மிஞ்சிய ஃபயர் கோபி. நீண்ட முதுகுத் துடுப்பு முள் அப்படியே இருந்தது. ஆக அதைத் தின்றது ஸ்டார் இல்லை. ரிட்டர்ன் குழாய் இறங்கும் மூலையில் வலையில் வெட்டிய இடைவெளி இரண்டு விரல் அகலம். அந்த மீனுக்கு அது போதும். 6 மில்லிமீட்டர் வலைத் துண்டை வெட்டிக் குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

அதன் பிறகு எந்த மீனும் குறையவில்லை. பாப்பா காலண்டரில் தினமும் எண்ணி எழுதுகிறாள். டாம்சலின் வால் ஏறக்குறைய கூடிவிட்டது. ஸ்டாருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இறால் துண்டு.

கொளத்தூர் போய் மீன் கடை அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "பெரிய மீன் தொட்டி வச்சிருக்கறவர் ஒருத்தர் கேட்டார் தம்பி, குடுத்துடலாமா?" என்றார். ஏஞ்சல், டேங் மாதிரி கையளவு மீன்கள் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். தொட்டியை முதலில் நேரில் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். புது வைர கோபி தனித்தொட்டியில் இருக்கிறது. ஒரு மாதம் அங்கே இருந்து, நன்றாகத் தின்று, புள்ளியில்லாமல் தேறினால் ஆகஸ்டில் பெரிய தொட்டிக்கு.